கணக்கு சரி, முடிவு மோசடி

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் ரத்த உறைவு, பக்கவாதம் என்றெல்லாம் பேசுவது பீதி கிளப்பும் வேலை என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் காட்டும் கணக்கில் தப்பில்லை. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிட்டால் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்பத்தில் அதைவிட அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இன்னும் பல மடங்கு. ஆகவே வாயை மூடுங்கள் என்று முடிக்கிறார். இந்த முடிவுதான் மோசடி.

பிசிஓடி என்றும் முகப்பரு என்றும் வரும் 19 வயதுக் கல்லூரிப் பெண்ணுக்கும் இதே ஹார்மோன் மாத்திரைகளைத்தானே எழுதித் தருகிறார்கள்? அவள் கருத்தரிப்பதைத் தவிர்க்க வந்தவள் அல்ல. அவளிடம் போய், கர்ப்பத்தைவிட இது பத்திரம் என்பதில் என்ன நியாயம்? அவளுக்கான ஒப்பீடு, மாத்திரையே சாப்பிடாத அந்த 2 பேரோடுதான். அவளுக்கு எழுதித் தருவதும் பல சமயம் ட்ரோஸ்பிரினோன் என்ற வேறொரு ஹார்மோன் கலந்தது. அதில் 9 முதல் 12 பேர் என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை. கருத்தடைக்காகவே வருபவளுக்கும் மாத்திரை இல்லையென்றால் கர்ப்பம் என்ற கட்டாயம் இல்லை. காப்பர்-டி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் கலக்காத 'சாயா' மாத்திரை இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.

அடுத்தது, அவர் பின்னால் ஒளிந்துகொள்ளும் சராசரி. பத்தாயிரம் பேருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. இந்த மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரலில் கூட்டுகிறது. ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர், ரத்த அழுத்தம் 160/100-ஐத் தொட்டவர், 35 வயதைத் தாண்டியும் நிறையப் புகைப்பவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடாது; அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து அதிகம். அவர்களைக் கண்டுபிடிக்க, தலைவலி வருமா என்று கேட்டால் போதாது. வலி தொடங்கும் முன் கண்ணெதிரே கோணல்மாணலாக வெளிச்சம் மின்னுகிறதா, பார்வையில் ஒரு பகுதி கொஞ்ச நேரம் மறைகிறதா என்று கேட்க வேண்டும். பழைய அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கும் பெண்ணிடம் இதை யார் கேட்கிறார்கள்? கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்ப்பதுகூட இல்லை.

1995 பிரிட்டனைத்தான் அவர் பெரிய ஆயுதமாக எடுக்கிறார். புதுவகை மாத்திரைகளில் ரத்த உறைவு ஆபத்து இரு மடங்கு என்று அந்த அக்டோபரில் அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. உண்மையைச் சொன்னதன் விலை இது என்கிறார். இல்லை, பாதி உண்மையைச் சொன்னதன் விலை. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இனி இருவருக்கு வரலாம் என்று சொல்லியிருந்தால் யோசித்து முடிவெடுத்திருப்பார்கள். பாதி உண்மை கெடுத்ததற்கு மருந்தாக முழு மௌனத்தைப் பரிந்துரைக்கிறார் இவர்!

பெண்கள் பயந்துவிடுவார்கள் என்ற பேச்சு 1970-இல் அமெரிக்காவிலும் கேட்டது. மாத்திரை பற்றிய செனட் விசாரணை நடந்த அவையிலேயே பெண்கள் எழுந்து, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். மாத்திரையோடு எச்சரிக்கைத் தாளும் தர வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது.

மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் ஆபத்து முதல் ஆண்டில்தான் மிக அதிகம் என்பதால், ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள்: இதில் என்ன ஹார்மோன், எனக்கு இது சரியா? ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.