உரசி நிற்கும் கறவை மாடு

ராஜபாளையம் அய்யனார் கோவில் பாதையில் தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கறவை மாடு, ஒரு மாதமாகத் தென்னை மரத்தில் கழுத்தை உரசிக்கொண்டே நிற்கிறதாம். முடி கொட்டி, தோல் தடித்து, வால் அடியிலும் பொருக்கு. வேப்பெண்ணெய்க்குக் கேட்கவில்லை, பயிருக்கு அடிக்கும் மருந்தைத் தெளிக்கலாமா என்கிறார்.

கூடவே கூடாது. நக்கினாலும், தோல் வழியே உள்ளே போனாலும் எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி மாடு செத்துப்போகும்.

அடையாளங்களைப் பார்த்தால் சொறி போலத்தான் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். படர்தாமரை என்றால் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்கு இருக்கும், அரிப்பு குறைவு. காய்ச்சலோடு கட்டி கட்டியாக வந்தால் தோல் கழலை நோயாக இருக்கலாம். சந்தேகம் தீர, புண்ணின் ஓரத்தில் லேசாக ரத்தம் கசியும் வரை டாக்டர் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். உதிர்ந்த பொருக்கைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவதில் பயனில்லை.

ஐவர்மெக்டின் ஊசி நன்றாகக் கேட்கும். 1 சதவீத மருந்து, 50 கிலோ எடைக்கு 1 மி.லி., தோலுக்கு அடியில் மட்டும். முட்டைகள் தப்பிவிடுவதால் இரண்டு வாரத்தில் இன்னொரு ஊசி. ஆனால் மருந்து பாலில் இறங்கும். கறவையா, சினையா என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லவும். எந்த மருந்து, எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கலில் வாங்கித் தானே போட்டுக்கொண்டால், அந்தப் பால் வீட்டுப் பிள்ளைக்கும் சொசைட்டிக்கும் போகும்.

சேர்த்துக் கட்டிய மாடுகள் அத்தனைக்கும் ஒரே நாளில் வைத்தியம் வேண்டும். கயிற்றை மாற்றவும். கறப்பவருக்குக் கை அரித்தால் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். மாட்டை ஓட்டிப்போக முடியாதவர்கள் 1962க்குப் போன் செய்யலாம்.