வீட்டைத் தூக்காதீங்க, ரோட்டைச் சுரண்டுங்க!

சென்னை மடிப்பாக்கத்தில் எண்பதுகளில் கட்டிய தனி வீடு ஏதாவது ஒன்றைப் போய்ப் பாருங்கள். கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித்தான் வராண்டாவுக்குப் போயிருப்பார்கள். இன்று கேட்டைத் திறந்ததும் படி இறங்க வேண்டும். வீடு புதையவில்லை சாமி, ரோடுதான் வளர்ந்துவிட்டது! தோசை மேல் தோசை அடுக்குகிற மாதிரி பழைய தார் மேல் புதுத் தாரைக் கொட்டிக்கொண்டே போனால் வேறென்ன ஆகும்? கேட் திறக்கவில்லை என்று அடிக்கம்பியை வெட்டிவிட்ட வீடுகள் எத்தனையோ.

மழைக்காலம் வந்தால் கதையே வேறு. தெருத் தண்ணீர் முதலில் சம்ப்பை நிரப்பும். பிறகு டாய்லெட் வழியாக வரும். அப்புறம்தான் வாசல் வழியாக வரும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னைப் புறநகரில் பலர் வீட்டில் நடந்தது இதுதான்.

சரி, அதற்கு என்ன செய்கிறார்கள்? வீட்டையே தூக்குகிறார்கள்! அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிறார்கள். இடைவெளியில் செங்கல் கட்டுகிறார்கள். ஹரியானாவிலிருந்து வந்து இதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. பி.எஃப். பணத்தையும் மனைவி நகையையும் போட்டு அந்த வீட்டைக் கட்டி, ரிட்டயர்ட் ஆகி உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு? வாழ்நாளில் இரண்டாவது முறை அஸ்திவாரச் செலவு. தரை, குழாய், செப்டிக் டேங்க் இணைப்பு எல்லாம் தனி.

பி.காம். படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்க மிஷின் வாடகை, ஆள் கூலி, லாரி என்று செலவு உண்டு. சுரண்டாமல் விட்டால் அது மிச்சம். ஆனால் அந்தச் செலவு காணாமல் போய்விட்டதா என்ன? தெருவில் இருக்கும் ஐம்பது வீட்டின் தலையில் பல மடங்காகி இறங்கிவிட்டது. மாநகராட்சிப் புத்தகத்தில் சாலை ஒரு சொத்து. ஐம்பது குடும்பத்தின் நஷ்டம் எந்த லெட்ஜரிலும் ஏறாது.

பழியை எல்லாம் மாநகராட்சி மேலேயே போடவும் முடியாது. "எங்க தெருவுல தண்ணி நிக்குது, உயர்த்திப் போடுங்க" என்று மனு கொடுப்பவர்களும் இதே குடியிருப்போர்தான். ஒரு தெரு உயர்ந்தால் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். வீட்டைத் தூக்கினாலும் அதே கதை. மூலையில் புதிதாக வருகிற அடுக்குமாடிக்காரர் இடிபாட்டு மண்ணைக் கொட்டி மனையை உயர்த்துவார். நடுவில் மாட்டிய பழைய வீடு குளம்.

இந்த ஊர் தண்ணீர் ஓடுகிற வழியில் இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டார்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். இறங்க இடமில்லாத தண்ணீரை ஜாக்கி வைத்து ஏமாற்ற முடியுமா?

இத்தனைக்கும் உத்தரவு இல்லாமல் இல்லை. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். "சின்னத் தெருவுக்குள் மிஷின் வராது சார்" என்பது கான்ட்ராக்டர்களின் வழக்கமான பதில். தார் லாரியும் ரோடு ரோலரும் மட்டும் எப்படி வருகிறதாம்?

அடுத்த முறை ரோடு போட வந்தால் வாசல் படியிலிருந்து தெரு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். போட்ட பிறகும் அளங்கள். சுரண்டுவதற்கு ஒர்க் ஆர்டரில் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.