தூதரக உதவி கருணை இல்லை, நம்ம காசு!



ரியாத்திலோ குவைத்திலோ வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இந்தியத் தூதரகத்துக்குப் போறார். அங்கே அவர் கட்டும் கட்டணத்தோடு இன்னொரு சிறு தொகையும் வாங்குறாங்க. அது 'இந்திய சமுதாய நல நிதி'க்குப் போகுது. 2009-லிருந்து இதுதான் நடக்குது.

அந்த நிதி எதுக்கு? முதலாளி விரட்டிவிட்டால் தங்க இடம், சாப்பாடு. ஊர் திரும்ப விமான டிக்கெட். அவசர சிகிச்சை. வழக்கு நடத்த வக்கீல். இறந்துபோனால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. அத்தனைக்கும் விதியில் இடம் இருக்கு!

ஆனா யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது யார்? தூதரக அதிகாரிகள். வியர்வை சிந்தியவன் பணம், அவனே கைகட்டி நின்று 'தகுதி'யை நிரூபிக்கணுமாம்!

2020 கொரோனா காலத்தை மறந்துடாதீங்க. 'வந்தே பாரத்' விமானம் விட்டோம் என்று மார்தட்டினாங்க. வேலை போய், சம்பளம் வராமல் தவித்தவர்களில் பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தானே டிக்கெட் எடுத்தாங்க? ஆபத்துக்கு உதவாத நிதி எதுக்கு?

"ஏஜென்ட்டை நம்பிப் போனது அவன் தப்பு" என்பாங்க. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜென்ட்டுக்கு உரிமம் கொடுப்பது ஒன்றிய அரசு. போலி ஏஜென்ட்டைப் பிடிக்க வேண்டியதும் அரசுதான். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைத் திட்டுவது என்ன நியாயம்?

குடிமக்களுக்கு உதவுவது தூதரகப் பணி என்று 1963 வியன்னா உடன்படிக்கையே சொல்லுது. நாம் சலுகை கேட்கல. கேட்பது மூன்றே மூன்றுதான்:

✊ ஒவ்வொரு தூதரகமும் நல நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் மக்கள் பார்க்க வெளியிடணும்.
✊ உதவி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரணும்.
✊ வளைகுடா தூதரகங்களில் 24 மணி நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கணும்.

உங்க வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் சிக்கலில் இருக்காரா? வெளியுறவுத் துறையின் 'மதாத்' இணையதளத்தில் ஊரிலிருந்தே நீங்களும் புகார் பதியலாம். புகார் எண்ணைப் பத்திரமா வைங்க. பதில் வரலைன்னா அந்த எண்ணோடு உங்க எம்.பி.யிடம் போங்க. கேளுங்க. கெஞ்சாதீங்க!

வளைகுடாவில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைப் பகிருங்கள்.

#நம்பணம்_நம்உரிமை