ரொட்டித் திருடனும் ராதாரிச் சீட்டும்

சரித்திர நாவல் என்றதும் நமக்கு நினைவில் எழுவது என்ன? அரண்மனை, இளவரசி, குதிரை வீரன், சதி! பிரான்சு தேசத்து விக்தர் ஹ்யூகோவோ, 1862-ல் வெளியிட்ட மாபெரும் நாவலில், தன் நாட்டின் முந்தைய தலைமுறை வாழ்வை ஒரு ரொட்டித் திருடனைக் கொண்டு சொன்னார். சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்தார். 1950-ல் அது திரைப்படமாகவும் வந்தது.

சகோதரியின் குழந்தைகள் பசிக்க, ரொட்டி திருடிய ழான் வல்ழானுக்கு, தப்ப முயன்றதற்கும் சேர்த்து 19 ஆண்டுச் சிறை. விடுதலைக்குப் பின்னும் மஞ்சள் சீட்டு அவனைத் துரத்துகிறது. சத்திரக் கதவுகள் மூடிக்கொள்கின்றன.

மதுரைச் சீமைக்கு இது அந்நியக் கதையா? திருடாதவனையும் பிறவித் திருடன் என்று முத்திரை குத்தியது வெள்ளையரின் குற்றப்பரம்பரைச் சட்டம். கைரேகை பதிய வேண்டும். ஊர் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிகள் வெடித்தன. 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல்தான்!

2008-ல் வந்த சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இம்மக்களைச் சரித்திரத்தின் நடுவில் நிறுத்தியது. 2011-ல் சாகித்திய அக்காதமி பரிசும் பெற்றது. ஆனால் ஒன்று போதுமா? ஹார்வி மில் தொழிலாளிக்கும், கைத்தறி நெசவாளிக்கும், வைகைக் கரைக் குத்தகை விவசாயிக்கும் சரித்திரம் இல்லையா?

மன்னர் கதை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கோட்டையைக் கட்டியவன் கதையும் வேண்டும் என்கிறோம். எழுத்தாளர்களே, முதியவர்களின் நினைவு மறைவதற்குள் கிராமங்களுக்குச் செல்லுங்கள், கேளுங்கள், எழுதுங்கள்!