78,000 ரூபாய் சோலார் மானியம்: மொட்டை மாடி இல்லாதவருக்கு என்ன கிடைக்கும்?



போன ஞாயிறு எங்க மேற்கு மாம்பலம் அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் மீட்டிங். மொத்தம் 12 வீடு, ஒரே ஒரு மொட்டை மாடி. மூணாவது மாடி மாமா ஆரம்பிச்சார்: "சோலார் போட்டா கவர்ன்மென்ட் 78,000 ரூபா சும்மா தர்றாளாம். நீங்க ஆடிட்டராச்சே, சொல்லுங்கோ, போட்டுடலாமா?" அதுக்குள்ள முதல் மாடியில வாடகைக்கு இருக்கற ஐடி பையன் கேட்டான்: "சார், நானும்தான் டேக்ஸ் கட்றேன். எனக்கு இதுல என்ன கிடைக்கும்?"

அந்த நேரத்துல என்கிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். அதைத்தான் இங்கே எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சோலாருக்கு அரசு பணம் தர்றது தப்பில்லை. ஆனா தமிழ்நாட்டுல இன்னிக்கு அந்தப் பணம், அது இல்லாமலே சோலார் போடக்கூடியவருக்குத்தான் நல்லா பயன்படுது.

திட்டம் என்ன?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமர் சூர்யா கர் திட்டம். ஒதுக்கீடு ₹75,021 கோடி, இலக்கு 1 கோடி வீடுகள், காலம் 2026-27 நிதியாண்டு வரை. முதல் 2 கிலோவாட்டுக்கு தலா ₹30,000, மூணாவது கிலோவாட்டுக்கு ₹18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு ₹78,000. அதுக்கு மேல எவ்வளவு பெருசா போட்டாலும் அதேதான். இன்னொரு விஷயம்: சிஸ்டம் போட்டு, இணைப்பு கொடுத்த பிறகுதான் மானியம் உங்க அக்கவுன்ட்டுக்கு வரும். முதல்ல முழுப் பணத்தையும் நீங்கதான் புரட்டணும், இல்லேன்னா லோன் போடணும்.

கணக்கு போடலாமா?

சென்னை வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும். இரண்டு மாசத்துக்கு 240 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி மூணு சொந்த வீடுகளைப் பார்ப்போம். பராமரிப்புச் செலவு, நெட்வொர்க் கட்டணம் மாதிரி விஷயங்களை இதுல சேர்க்கலை.

முதல் வீடு, இரண்டு ஏசி. இரண்டு மாசத்துக்கு 800 யூனிட், பில் சுமார் ₹4,800. 3 கிலோவாட் போட்டா சுமார் 700 யூனிட் வரும். மீதி 100 யூனிட் எப்படியும் இலவசம். வருஷத்துக்கு சுமார் ₹29,000 மிச்சம். சிஸ்டம் விலை ₹2 லட்சம்னு வெச்சுக்கிட்டா, மானியத்தோட 4 வருஷத்துல போட்ட பணம் திரும்பிடும். மானியமே இல்லேன்னாலும் 7 வருஷம்தான். பேனல் 25 வருஷம் ஓடும்!

இரண்டாவது வீடு, 300 யூனிட், பில் ₹705. 1 கிலோவாட் போதும். விலை ₹75,000, மானியம் போக ₹45,000. வருஷ மிச்சம் ₹4,230. பணம் திரும்ப பத்தரை வருஷம் ஆகும்.

மூணாவது வீடு, 200 யூனிட். பில் வெறும் ₹235. அதே ₹45,000 போட்டா 32 வருஷம்!

ஏன் இப்படி? 2016-லிருந்து நம்ம மாநிலத்துல எல்லா வீட்டுக்கும் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள்ள இருந்தா அடுத்த யூனிட்களும் சலுகை விலைதான். அது நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா ஒரு மானியம் கரண்ட்டை மலிவாக்குது, இன்னொரு மானியம் "கரண்ட் விலை அதிகம், சோலார் போடு"ன்னு சொல்லுது. இரண்டும் மோதும்போது சின்ன வீடு சோலார் பக்கமே வராது. பெரிய பில் கட்டற வீடுதான் வரும்.

அதோட விளைவு இன்னும் ஒரு படி போகும். யூனிட்டுக்கு ₹9, ₹10 கட்டறவங்கதான் மின்வாரியத்துக்கு லாபமான வாடிக்கையாளர்கள். அவங்க விலகினா, கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம் இருக்கறவங்க தலையிலதான் விழும்.

அப்போ மானியமே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெர்மனி 2000-லிருந்து சோலார் கரண்ட்டுக்கு 20 வருஷ உத்தரவாத விலை கொடுத்தது. அந்தச் செலவை சாதாரண வீடுகள் தங்கள் பில்லில் தனிக் கட்டணமா சுமந்தன. 2022 ஜூலையில்தான் அது நீங்கியது. அவங்க உருவாக்கின தேவையாலதான் உலகம் முழுக்க பேனல் விலை இறங்கினது. அதில் நாமும் லாபம் பார்த்தோம்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சோலார் பூங்காவின் கரண்ட்டுக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு ₹7.01. அடுத்த வருஷமே, 2017-ல், தமிழ்நாடு நடத்தின ஏலத்தில் விலை ₹3.47! ஆனா பழைய ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு. அதனால எனக்குப் புரிஞ்ச பாடம் இதுதான்: தொழில் குழந்தையா இருக்கும்போது கைபிடிக்கலாம், அது ஓட ஆரம்பிச்ச பிறகு கையை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கணும்.

அந்த அடுத்தவர் யார்? வாடகை வீட்டுக்காரர், பிளாட்காரர், சின்ன பில் கட்டறவர். எங்கேயோ ஓரிடத்துல பேனல் போட்டு, வர்ற யூனிட்டைப் பல வீட்டு பில்லில் கழிக்கிற விர்ச்சுவல் நெட் மீட்டரிங் முறைக்கு டெல்லி 2019-லேயே விதிகள் கொண்டுவந்தது. மானியப் பணம் அந்தப் பக்கம் போகணும்னு நாம கேட்கணும்.

இன்னிக்கே செய்யக்கூடியது

இதே திட்டத்துல பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கு. குடியிருப்போர் சங்கங்களின் பொது இணைப்புக்கு கிலோவாட்டுக்கு ₹18,000 மானியம். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான காமன் இபி-யில 100 யூனிட் இலவசம் கிடையாது. எங்களை மாதிரி லிஃப்ட் இருக்கற கட்டடத்துக்கு முதல் யூனிட்டுலேர்ந்தே ₹8-க்கு மேல.

எங்க காமன் பில் இரண்டு மாசத்துக்கு சுமார் 600 யூனிட். ₹8-ன்னு வெச்சாலும் வருஷத்துக்கு ₹28,800. 3 கிலோவாட்டுக்கு ₹2 லட்சம், மானியம் ₹54,000 போக ₹1,46,000. ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் சொச்சம், 5 வருஷத்துல திரும்பிடும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, உங்க இணைப்புக்கு எந்த மீட்டரிங் முறை, என்ன கட்டணம்னு இபி ஆபீஸ்ல எழுத்துல வாங்கிடுங்க.

சொந்த வீடு இருந்தா, ஒரு வருஷத்தோட ஆறு பில்லையும் எடுத்து வெச்சுக்கிட்டு மானியம் இல்லாமலே கணக்கு போடுங்க. 8 வருஷத்துக்குள்ள பணம் திரும்பினா தைரியமா போடுங்க. மானியம் சேர்த்தாத்தான் கணக்கு இடிக்காம வருதுன்னா, அந்தப் பணத்தை உங்க எஸ்ஐபி-யில போடுங்க.

மாமா இப்போ காமன் இபி-க்கு மூணு கொட்டேஷன் வாங்கிட்டிருக்கார். அந்த ஐடி பையனுக்கும் பதில் சொல்லிட்டேன்: "திட்டம் நடந்தா, போட்ட பணம் திரும்பின பிறகு உன் மெயின்டனன்ஸ்ல மாசம் 200 ரூபா குறையும்." சிரிச்சுட்டு சொன்னான்: "அதுக்குள்ள நான் வீடு மாறிடுவேன் சார்."

அவன் சொன்னதுலதான் இந்தத் திட்டத்தோட குறை மொத்தமும் இருக்கு.