அண்டையை அறியாத பிணையம்

தன் அண்டை வீட்டான் யார் என்று அறியாதவன் ஊர் நடுவே வாழ்ந்தும் தனியனே. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் கணினிகளைப் பிணைத்து நிற்கும் பிணைய மாற்றிகளின் நிலையும் பல இடங்களில் இதுவே. சுவிட்சு எனக் கடைத்தெருவில் வழங்கும் அக்கருவி, 24, 48 எனப் பல வாயில்களில் வந்து புகும் செய்திகளை உரிய வாயிலுக்கு ஓயாது செலுத்துகின்றது. ஆயினும் எந்த வாயிலின் மறுமுனையில் எந்தக் கருவி நிற்கின்றது என்று கேட்டால், அமைத்த பணியாளரின் நினைவையே நாட வேண்டியுள்ளது. அவர் பணியை விட்டு நீங்கின் பிணையத்தின் வரைபடமும் அவரோடு நீங்கிவிடுகின்றது. பின்னர் ஓர் இணைப்புப் பழுதுற்றால், ஒவ்வொரு வடமாக இழுத்துப் பார்க்கும் இழிநிலையே எஞ்சுகின்றது. இது நமக்குத் தேவைதானா?

தேவையன்று. ஐஇஇஇ என்னும் பொறியாளர் கழகம் 2005ஆம் ஆண்டிலேயே 802.1ஏபி என்னும் பொதுச் செந்தரத்தை வெளியிட்டது. எல்எல்டிபி எனப்படும் அதனை நாம் அண்டையறி நெறி என்போம். அதன் இயக்கம் மிக எளிது. 'நான் இன்னார், இந்த வாயிலிலிருந்து பேசுகின்றேன், என் சொல் இத்துணை நொடி செல்லும்' என்று ஒவ்வொரு கருவியும், பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை, மறுமுனைக்கு அறிவிக்கின்றது. கேட்ட கருவி அதனைக் குறித்துக்கொள்கின்றது. 120 நொடி கடந்தும் அடுத்த அறிவிப்பு வாராவிடின் அக்குறிப்பை அழித்துவிடுகின்றது.

இதற்கு முன்பே, 1994இல், சிசுகோ நிறுவனம் சிடிபி என்னும் தன் தனிநெறியைப் படைத்திருந்தது. பவுண்டரி, எக்சுட்ரீம் ஆகிய நிறுவனங்களும் தத்தமக்கென நெறி வகுத்தன. பொதுச் செந்தரம் பிறவாத காலத்தில் அவை பயன்பட்டன. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சிசுகோ மாற்றிகளுக்கிடையே, சிடிபி விளங்காத பிறிதொரு நிறுவனத்தின் மாற்றி நிற்பதாகக் கொள்வோம். அது அவ்வறிவிப்பை வெறுஞ்செய்தி எனக் கருதி அப்படியே கடத்திவிடும். முன்னதும் பின்னதும் தாமே நேரண்டையர் என்று நம்பிக்கொள்ளும். இடையில் நிற்பது வரைபடத்திலேயே இராது! அண்டையறி நெறியின் குழுமுகவரியோ, செந்தரத்துக்கு உட்பட்ட மாற்றி எதுவும் கடத்தலாகாது என ஒதுக்கப்பட்டது. எனவே பேச்சு அண்டையோடு நிற்கின்றது, வரைபடமும் மெய்யாகின்றது.

இத்துணைப் பயனுடைய பொதுநெறி, சிசுகோ மாற்றிகள் பலவற்றில் தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கின்றது. தனிநெறியோ கேளாமலே இயங்குகின்றது! அமைப்பு நிலையில் 'எல்எல்டிபி ரன்' என்னும் ஒரே கட்டளை இட்டால் போதும். ஒரு நிமையத்துள் அண்டையர் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். ஒரு வரி எழுதச் சோம்பி, தனிநெறிக்கே அடங்கிக் கிடப்பது யார் குற்றம்?

'வீட்டுச் செய்தியை வெளியே கூவலாமா?' என்று சிலர் வினவுவர். நயன்மையான வினாவே. இந்நெறியில், சொல்லும் கருவி மெய்யானதுதானா என்று ஆய்ந்தறியும் ஏற்பாடு இல்லை. கருவியின் பெயரும் மென்பொருட் பதிப்பும்கூட அறிவிப்பில் இடம்பெறலாம். ஆதலால் வெளியார் பிணையத்தை நோக்கிய வாயில்களில் அனுப்புதல், பெறுதல் இரண்டையும் நிறுத்துக. வந்துபோவோர் கைக்கெட்டும் வாயில்களிலும் அவ்வாறே செய்க. மேசைத் தொலைப்பேசி இந்நெறியை நம்பி இயங்கும் வாயிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாயில்தோறும் தனித்தனியே நிறுத்த வழி இருக்கின்றது. தெருக்கதவைத் தாழிட வேண்டும் என்பதற்காக வீட்டிலுள்ளோர் வாயையெல்லாம் கட்டிவிடுவது அறிவுடைமை ஆகுமா?

மாற்றி வாங்குவோர் விலையை மட்டும் கேளாதீர், '802.1ஏபி உண்டா?' என்றும் கேளுங்கள். பொறுப்பிலுள்ளோர் இன்றே அதனை இயக்குங்கள். கிடைக்கும் அண்டையர் பட்டியலை எழுதிக் காத்திடுங்கள். நாளை வேறு நிறுவனத்தின் கருவியை வாங்கும் உரிமையும், பணியாளர் மாறினும் பிணையத்தைத் தாமே ஆளும் திறனும் அப்போதுதான் நம் கையில் இருக்கும்.