கோழிக்கூட்டின் உள்ளே பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு போதும்

தென்காசி, குற்றாலம் வட்டார வீட்டுக்கோழி வளர்ப்போரின் நிலைப்பாடு

கூட்டுக்கு எந்தப் பெயிண்ட் நல்லது என்று உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உட்புறத்துக்குப் பெயிண்டே வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள் என்பதே எங்கள் பதில். பெயிண்ட் வெளிப்புறத்தோடு நிற்கட்டும்.

காரணம் நம் ஊர் ஈரம். சீசன் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலைப் பக்கவாட்டில் அடிக்கும். கூரை சரியாக இருந்தாலும் மேற்குப் பக்கம் நனையும். அது நன்றாக உலர்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. ஈர மரத்தின் மேல் எனாமல் பூசினால் கொப்பளித்து உரியும். உரிந்த செதிலைக் கோழி கொத்தும். அந்தப் பெயிண்டில் ஈயம் இருந்தால் கோழிக்கும் போகும், முட்டைக்கும் போகும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. கூடு செய்து விற்கும் பட்டறையில் அடிப்பது எந்த வகை என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

புதிதாக நீற்றி அடித்த சுண்ணாம்பின் காரத்தைப் பல கிருமிகள் தாங்காது. பகலில் விரிசலில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணிக்கும் இடம் குறையும். வெள்ளைச் சுவரில் ஊர்ந்தால் கண்ணிலும் படும். ஆனால் காற்றுப் படப்பட அந்தக் காரம் போய்விடும், பிறகு மிஞ்சுவது வெறும் வெள்ளைதான். ஆகவே தையில் ஒருமுறை, சாரலுக்கு முன் வைகாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை அடிக்கச் சொல்கிறோம். நீற்றும்போது கண் பத்திரம். பூச்சு முழுக்கக் காயும்வரை கோழியை உள்ளே விடாதீர்கள். ரத்தக் கழிச்சலுக்கு மட்டும் சுண்ணாம்பை நம்ப வேண்டாம். அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில்தான் முற்றும், கூளத்தைக் காய்ந்த நிலையில் வைப்பதே தடுப்பு.

தரை விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. சாணி மெழுகிய மண்தரையை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். சாரல் காலத்தில் அது ஈரத்தைக் குடித்து நாறும். சரிவு வைத்த சிமெண்ட் தரையோ கடப்பாக்கல்லோ போட்டு மேலே உமி பரப்புவதே எங்கள் பரிந்துரை. பளபளக்கும் டைல்ஸில் குஞ்சுகளின் கால் வழுக்கி விரிந்துவிடும், அது வேண்டாம். கோழி அடையும் கழிக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. கழற்றி வெயிலில் போடும்படி மாட்டுங்கள், உண்ணி கூடுவது கழியின் முனைகளில்தான். கழிக்குக் கீழே பழைய ஃபிளக்ஸ் பேனரை விரித்தால் காலையில் எச்சத்தோடு உருவிக் கழுவலாம். தேர்தல் முடிந்த ஊரில் அதற்கா பஞ்சம்!

கூட்டுக்குக் கிருமிநாசினி போடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள். நம்மில் பலரோ எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். எச்சத்தில் அதன் வீரியம் செத்துவிடும். முதலில் சுரண்ட வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்க்க வேண்டும், மருந்து அதற்குப் பிறகுதான்.

கூடு செய்து விற்கும் பட்டறைக்காரர்கள், கேட்டால் பெயிண்ட் டப்பாவைக் காட்ட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை மானியத்தில் கூடு வழங்கும்போது உட்புறம் பெயிண்ட் படாததையே வாங்கித் தர வேண்டும். டப்பாவைக் காட்டாத இடத்தில் உறுப்பினர்கள் கூடு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.